மேய்ச்சல் தரையில் தானே தழைக்கும் மரமும் அதன் கரிவரவுக் கணக்கும்

ஆஸ்திரேலியா தேசத்தின் உட்பகுதியில், மழை குறைந்த ஆட்டுப் பண்ணைகளில், நாற்று நடாமலே மரம் தழைக்கச் செய்து, அம்மரத்தில் அடங்கிய கரிக்குச் சர்க்காரிடம் சீட்டுப் பெற்று, அச்சீட்டை விற்றுப் பொருளீட்டும் முறை ஒன்று 2013-ஆம் ஆண்டில் சட்டபூர்வமாக ஏற்பட்டது. தூரதேசத்து ஆட்டுப் பண்ணைக்காரர்களின் காரியம் நம் கிராமச் சங்கத்து அங்கத்தினர்களுக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். அதற்கு விடை இரண்டு உண்டு.

முதலாவது, மேய்ந்து மேய்ந்து கட்டாந்தரையான நிலத்தை அதன் சொந்தச் செடி கொடிகளைக் கொண்டே மீட்பது எங்ஙனம் என்பது மேய்ச்சல் புறம்போக்குள்ள ஒவ்வொரு கிராமத்துக்கும் உரிய கேள்வி. இரண்டாவது, இது அடிப்படையில் கணக்கைப் பற்றிய விஷயம். புத்தகத்தில் எழுதிய வரவு ஒன்றை நம்பி ஒருவன் பணம் கொடுக்கிறான். அவ்வரவு மெய்யா பொய்யா என்பதைப் பொறுத்தே மற்றவையெல்லாம் நிற்கின்றன. பேரேடும் தணிக்கையும் நன்கறிந்த கூட்டுறவாளர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று.

1. கரிவரவுச் சீட்டு என்பது யாது?

நிலக்கரி, பெட்ரோல், டீஸல் முதலியவை எரியும்போது கரியமில வாயு உண்டாகிறது. அது ஆகாயத்தில் மேலும் மேலும் சேர்வதால் பூமியின் வெப்பம் மிகுந்து, பருவங்கள் நிலை தடுமாறுகின்றன. மரமோ அதே வாயுவை இலை வழியாக உட்கொண்டு, அதிலுள்ள கரியைத் தன் அடிமரமாகவும் கிளையாகவும் வேராகவும் ஆக்கிக்கொள்ளுகிறது. நன்கு உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரியே. ஒரு டன் கரி 3.67 டன் கரியமில வாயுவிலிருந்து பெறப்படுவது. ஆகவே உலர்ந்த எடையில் ஒரு டன் உள்ள மரம் பசுமையாய் நிற்குமாயின், ஏறக்குறைய 1.8 டன் வாயு ஆகாயத்திலிருந்து விலக்கி அதில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அம்மரத்தை வெட்டி எரித்தால் அவ்வளவும் மீண்டும் ஆகாயத்துக்கே போய்ச் சேரும்.

இவ்வாறு விலக்கி வைக்கப்பட்ட ஒரு டன் வாயுவுக்கு ஒரு சீட்டு வீதம் வழங்க ஆஸ்திரேலிய சர்க்கார் 2011-இல் ஒரு சட்டம் இயற்றினர். இச்சீட்டையே கார்பன் கிரெடிட் என்கிறார்கள். இப்பாடத்தில் அதனை வரவுச் சீட்டு என்றே வழங்குவோம். சீட்டை வழங்குவதும் கணக்கைச் சரிபார்ப்பதும் அதற்கென அமைந்த சர்க்கார் ஒழுங்குமுறை இலாகாவின் பொறுப்பு.

சீட்டை வாங்குவோர் யார் என்பதையும் அறிதல் வேண்டும. 2015 ஏப்ரலில் நடந்த முதல் ஏலத்திலும் அதன் பின்னர் நடந்தவற்றிலும் சர்க்காரே பெருவாரியாக வாங்கினர். நாளடைவில் கம்பெனிகளும் வாங்கலாயின. 2023 ஜூலை 1-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, ஆண்டுக்கு 1,00,000 டன்னுக்கு மேல் வாயு வெளியிடும் பெரிய சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் ஓர் அளவு விதிக்கப்பட்டு, அது 2030 வரையில் ஆண்டுதோறும் நூற்றுக்கு 4.9 வீதம் குறைந்து வருகிறது. அளவை மீறிய ஆலை, மீறிய டன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரவுச் சீட்டு வாங்கி ஒப்படைத்து ஈடு செய்யலாம்.

இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. சீட்டைக் கொண்டு ஆலை ஒரு டன் புகையைக் கூடுதலாக வெளியிடுகிறது. அப்புகை மெய். அதற்கு ஈடாகப் பண்ணையில் வளர்ந்ததாகச் சொல்லப்படும் மரமும் மெய்யாயிருந்தால் கணக்கு நேர். மரம் ஏட்டளவில் மட்டும் வளர்ந்திருந்தால், புகை மிச்சம், ஈடு இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்று நம் பெரியோர் சொன்னது இதற்கு முற்றும் பொருந்தும்.

2. நிலமும் அதன் சரித்திரமும்

இம்முறை பெரிதும் கையாளப்பட்டது நியூ சௌத் வேல்ஸ் மாகாணத்தின் மேற்கிலுள்ள கோபார், பர்க் என்னும் ஊர்களைச் சூழ்ந்த பிரதேசத்திலும், அதற்கு வடக்கே குவீன்ஸ்லாந்து மாகாணத்தின் தென்மேற்கிலுமாகும். கோபார், பர்க் பக்கங்களில் ஆண்டு மழை சராசரி 350 முதல் 400 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 14 முதல் 16 அங்குலம். அதுவும் காலத்தில் பெய்வதன்று. சில ஆண்டுகள் வெள்ளம், பல ஆண்டுகள் வறட்சி. ஓர் ஆடு பிழைக்கப் பல ஏக்கர் வேண்டும். ஆதலால் ஒரு குடும்பத்தின் பண்ணையே பல்லாயிரம் ஏக்கர் விஸ்தாரமுள்ளது. நிலத்திற் பெரும்பாகம் சர்க்காரிடம் நெடுங்காலக் குத்தகைக்குப் பெற்றது.

அந்நிலத்துக்குரிய முக்கிய மரம் மல்கா என்பது. நம் வேலமரங்களுக்கு உறவான இனம். ஆயினும் முள் இல்லாதது. மேல்நோக்கி நிற்கும் அதன் கிளைகள் பெய்த மழையை அடிமரத்தின் வழியே வேருக்குக் கொண்டு சேர்க்கும். வறட்சியில் புல் கருகியபின் ஆடு மாடுகளுக்கு அதன் தழையே ஆகாரம். வளர்ச்சியோ மிக மெதுவு. தொடர்ந்து நல்ல மழை பெய்த ஆண்டுகளில் மட்டும் விதைகள் திரளாக முளைக்கும். மற்ற ஆண்டுகளில் முளைப்பது அரிது. இச்செய்தியை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்தல் வேண்டும். பின்னர் எழும் வழக்கெல்லாம் இதை ஒட்டியதே.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியக் குடியேற்றக்காரர்கள் இப்பிரதேசத்தில் நிலம் தாங்கும் அளவுக்கு மிஞ்சி ஆடுகளைப் பெருக்கினர். முயல்களும் பெருகின. 1890-களில் தொடங்கிய பெரும் வறட்சியில் புல் அழிந்து, செம்மண் காற்றில் பறந்து, ஆடுகள் மடிந்து, பலர் கடனில் மூழ்கினர். அம்மாகாண சர்க்கார் விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்து, அதன்மேல் 1901-இல் மேற்கு நிலங்களுக்கெனத் தனிச் சட்டமும் செய்யவேண்டியதாயிற்று.

அளவு மீறி மேய்ந்ததன் பயன் இருவகையாய் விளைந்தது. சில இடங்களில் இளங்கன்றுகள் தலையெடுக்க முடியாமல் தரை வெறுமையாயிற்று. வேறு சில இடங்களில் இதற்கு நேர்மாறு. புல் போயிற்று; புல் இல்லாமையால் முன்போல் தீப் பரவவில்லை; தீ இல்லாமையால் அந்நாட்டுப் புதர்களே மண்டி, ஆடு நுழைய இடமில்லாமற் போயிற்று. பண்ணைக்காரர்கள் இவற்றைக் களை என்றே கருதி, இரண்டு டிராக்டர்களுக்கு இடையே கனத்த இரும்புச் சங்கிலியைப் பூட்டி இழுத்துப் பெயர்த்தனர். சில ஆண்டுகளில் மண்ணிலிருந்த விதையும் வேரும் மறுபடி துளிர்த்தன. மேய்ச்சல் மிகுந்தால் மரம் குறையும் என்பது எங்கும் செல்லும் விதியன்று என்பது இதனால் தெரிகிறது.

3. தானே தழைக்கச் செய்யும் முறை

இம்முறையில் குழி தோண்டுதலும் நாற்று நடுதலும் தண்ணீர் ஊற்றுதலும் இல்லை. மண்ணில் விதையும் வேரும் உயிரோடிருக்கின்றன. அவை எழுவதைத் தடுக்கும் காரணத்தை நீக்கினால் போதும் என்பதே இதன் தத்துவம். சட்டம் அனுமதித்த வழிகள் பின்வருவன:

(அ) ஆடு மாடுகளை அவ்விடத்திலிருந்து விலக்குதல், அல்லது மேய்ச்சலின் காலத்தையும் அளவையும் ஒழுங்குபடுத்துதல்.

(ஆ) உடையவனின்றித் திரியும் பிராணிகளை அடக்குதல். முக்கியமாக, குடியேற்றக்காரர் கொணர்ந்து, தப்பி, காட்டில் பெருகிய வெள்ளாடுகள் எட்டிய தழையையெல்லாம் தின்றுவிடும். நீர்நிலையைச் சுற்றி வேலியிட்டு, உள்ளே வரலாம், வெளியேற முடியாது என்ற விதமாக வாயில் அமைத்து, தாகத்துக்கு வரும் வெள்ளாடுகளைப் பிடித்து இறைச்சிக்கு விற்பது வழக்கம்.

(இ) அயல்நாட்டுச் செடிகளை அடக்குதல்.

(ஈ) தானே முளைக்கும் கன்றுகளை இயந்திரத்தாலும் மருந்தாலும் அழிப்பதை நிறுத்துதல்.

சுதேசச் செடியே வேண்டும் என்று வற்புறுத்துவதற்குத் தக்க காரணம் உண்டு. நம் கருவேல மரத்தை 1890-களில் நிழலுக்கும் தீவனத்துக்கும் என்று குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுபோயினர். நம் கண்மாயிலும் ஏரியிலும் பயன் தரும் அம்மரம் அங்குள்ள புல்வெளிகளில் முட்காடாய்ப் பரவி, தேசத்துக்கே கேடான களைகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டுள்ளது. அவ்வாறே வெளிநாட்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த சீமைக்கருவேல் நம் புறம்போக்குகளை எவ்வாறு பற்றிக்கொண்டது என்பதை இராமநாதபுரம் ஜில்லாவார்க்குச் சொல்லவேண்டுவதில்லை. வறண்ட நிலத்தில் விரைவாக வளரும் மரமெல்லாம் நல்ல மரம் ஆகாது.

4. சட்டமும் கணக்கும்

சீட்டுப் பெற விரும்புகிறவன் சில நிபந்தனைகளுக்கு உட்படவேண்டும். முந்திய 10 ஆண்டுகளில் அந்நிலம் காடாக இருந்திருத்தலாகாது. காடு ஆகாமல் தடுத்தது மேய்ச்சல், அழிப்பு முதலிய காரணம் என்று காட்டவேண்டும். தடை நீங்கினால் அது காடாகும் தன்மையுடையதென்றும் காட்டவேண்டும். காடு என்பதற்கும் சட்டம் இலக்கணம் சொல்லுகிறது: பரப்பு குறைந்தது 0.2 ஹெக்டேர், அதாவது சுமார் அரை ஏக்கர். மரத்தின் உயரம் குறைந்தது 2 மீட்டர். மரத் தலைப்புகள் தரையில் குறைந்தது ஐந்திலொரு பங்கை மூடியிருத்தல்.

நிலத்தின்மேல் உரிமையுடைய பிறரின் சம்மதமும் வேண்டும். குத்தகை கொடுத்த சர்க்கார், அடமானம் பெற்ற பாங்கி, பூர்வகுடிகளின் நிலவுரிமை கோர்ட்டில் ஸ்தாபிக்கப்பட்டிருந்தால் அவர்கள் ஆகிய எல்லாரும் இதில் அடங்குவர்.

நிற்க. வளர்ந்த கரியை அளப்பது எவ்வாறு? பல்லாயிரம் ஏக்கரில் மரந்தோறும் கயிறு பிடித்து அளத்தல் இயலாது. ஆதலால் மண், மழை முதலிய விவரங்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, இத்தனை ஆண்டில் இவ்வளவு கரி சேரும் என்று சர்க்கார் வகுத்த சூத்திரத்தின்படி மதிப்பிடுகிறார்கள். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களாலும் தணிக்கையாளர் நேரிற் பார்ப்பதாலும் இடையிடையே, ஏறக்குறைய 5 ஆண்டுக்கு ஒருமுறை, நிலம் காட்டை நோக்கிச் செல்லுகிறதா என்று சோதிக்கிறார்கள். சீட்டு வழங்கும் காலம் 25 ஆண்டுகள்.

வளர்ந்த மரத்தை எத்தனை காலம் காப்பது என்பதற்குப் பண்ணைக்காரன் 25 ஆண்டு அல்லது 100 ஆண்டு என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தீயாலும் வறட்சியாலும் நேரும் நஷ்டத்துக்காக எல்லாரிடமும் நூற்றுக்கு 5 பிடிக்கப்படும். 25 ஆண்டு மட்டும் காப்பேன் என்பவனிடம் இன்னும் நூற்றுக்கு 20 பிடிக்கப்படும். உதாரணமாக, சூத்திரத்தின்படி 1,000 டன் வாயு சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். 100 ஆண்டு காப்பவனுக்கு 950 சீட்டு. 25 ஆண்டு காப்பவனுக்கு 750 சீட்டு. நம் சங்கங்களில் லாபம் முழுவதையும் பங்கிடாமல் சேமநிதிக்கு ஒதுக்குவதை ஒத்தது இப்பிடித்தம்.

5. வருவாயும் கட்டுப்பாடும்

இதில் நன்மை இல்லையென்று சொல்லுதல் நியாயமன்று. 2015 ஏப்ரல் ஏலத்தில் சீட்டு ஒன்றுக்குச் சராசரி 13.95 டாலர் கிடைத்தது. விலை சிறிதாகத் தோன்றினும் நிலம் பெரிதாதலால் தொகை பெரிதாயிற்று. 2017 முதல் 2019 வரை கொடிய வறட்சி வந்தபோது, ஆடு விற்று ஜீவித்த பண்ணைக்காரனுக்கு மழையை நம்பாத வேறொரு வருவாய் பேருதவியாயிற்று. அப்பணத்தால் கடன் தீர்த்தோரும், வேலியும் தண்ணீர்க் குழாயும் அமைத்தோரும் உண்டு. வேலி அமைந்தபின் ஒரு துண்டை மேயவிட்டு மறுதுண்டுக்கு ஓய்வு கொடுக்க முடிகிறது. ஓய்வு பெற்ற தரையில் புல் கூடுகிறது. மண் அரிப்புக் குறைகிறது.

ஆயினும் கட்டுப்பாடு கடினமானது. ஒப்புக்கொண்ட காலம் முடியும்வரை அந்நிலத்து மரத்தை அழித்தலாகாது. உடன்படிக்கையை மீறி மரத்தை அழித்தாலோ, தீக்குப் பின் மீண்டும் தழைக்கவிடாமற் செய்தாலோ, பெற்ற சீட்டைத் திருப்பித் தரும்படி சர்க்கார் உத்தரவிடலாம். அவ்வாறு தராவிடில், கடமையை நிலத்தின்மேலேயே ஏற்றிப் பதிவு செய்யவும் சட்டம் இடங்கொடுக்கிறது. அந்நிலத்தை வாங்குகிறவனையும் அது தொடரும். 100 ஆண்டு என்று ஒருவன் கையெழுத்திட்டால், அவன் பேரனின் மகனும் அதற்குக் கட்டுப்பட்டவனே. இன்று ஆட்டு விலை தாழ்ந்திருக்கிறதென்று செய்த ஒப்பந்தத்தை நாளை ஆட்டு விலை ஏறியபின் எளிதில் மாற்ற இயலாது.

விலையும் நிலையாய் நிற்பதன்று. 2022 ஜனவரியில் சீட்டு ஒன்று 50 டாலருக்கு மேல் விற்றது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், முன் செய்த ஒப்பந்தப்படி சர்க்காருக்கே கொடுக்கவேண்டியிருந்த சீட்டுகளை வெளிச்சந்தையில் விற்க வழி திறக்கப்பட்டதும், விலை மளமளவென்று வீழ்ந்தது. அன்றியும், பதிவு, கணக்கு, தணிக்கை இவற்றையெல்லாம் பண்ணைக்காரர் தாமே செய்தல் அரிதாதலால், இடையில் நின்று நடத்தும் கம்பெனிகள் சீட்டில் ஒரு பங்கைத் தமக்கு எடுத்துக்கொள்ளுகின்றன. தரகன் கையில் அகப்பட்ட விளைபொருளின் கதை நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று.

6. மழை செய்ததா, மனிதன் செய்தானா?

இனி இவ்விஷயத்தின் கடினமான பாகத்துக்கு வருவோம். கறவை மாட்டுக் கடனைத் தணிக்கை செய்யப் போகும்போது, தொழுவில் மாடு நிற்பதைக் கண்டமாத்திரத்தில் நாங்கள் கணக்கை முடித்துவிடுவதில்லை. இது கடனைக் கொண்டு வாங்கிய மாடா, முன்னமே நின்ற மாடா என்று கேட்கிறோம். மரத்துக்கும் இதே கேள்வி உண்டு. அத்துடன் இன்னொன்றும் உண்டு: இவன் ஒன்றும் செய்யாதிருந்தாலும் இம்மரம் வந்திருக்குமா? வந்திருக்குமாயின் அதற்குச் சீட்டுத் தருதல் தகாது. ஏனெனில் சீட்டு மரத்துக்கு விலையன்று. மனிதன் செய்த மாறுதலுக்கு விலை.

2022 மார்ச்சில், ஆஸ்திரேலிய தேசிய சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆண்ட்ரு மக்கின்டாஷ் என்னும் ஆசிரியர், இத்திட்டத்தின் முறைகளைப் பரிசோதிக்கும் கமிட்டிக்கு முன்னர் தலைவராயிருந்தவர், இச்சீட்டுகளிற் பெரும்பாலானவை போலி என்று பகிரங்கமாகக் கூறினார். அவரும் அவருடன் சேர்ந்த அறிஞர்களும் சொன்ன காரணங்களின் சாரம் பின்வருமாறு: சீட்டு வழங்கிய இடங்கள் பலவற்றில் தொடக்கத்திலேயே முதிர்ந்த மரங்கள் நின்றன, ஆனால் சூத்திரமோ அங்கே மரமே இல்லாத நிலையிலிருந்து புதிதாய்க் கன்றுகள் எழுவதாகக் கணக்கிடுகிறது. வறண்ட பிரதேசத்தில் மரம் கூடுவதும் குறைவதும் ஆட்டைக் காட்டிலும் மழையையே பெரிதும் பொறுத்தவை. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் எங்கும் தழைக்கும். பின்வரும் வறட்சியில் எங்கும் காயும்.

இக்குறைகூறலை ஆராய, அத்தேசத்தின் முன்னாள் பிரதம விஞ்ஞானி இயன் சப் என்பவரின் தலைமையில் நால்வர் கொண்ட குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 2023 ஜனவரியில் வெளியாயிற்று. திட்டத்தின் அமைப்பு அடிப்படையில் சரியானதே என்று அக்குழு கூறிற்று. ஆயினும் விவரங்கள் பொதுஜனங்கள் பார்க்கத் தக்கவாறு வெளியிடப்படவேண்டும் என்றும், பூர்வகுடிகளின் சம்மதத்தை முதலிலேயே பெறவேண்டும் என்றும், காட்டை அழிக்காதிருத்தலுக்காகச் சீட்டு வழங்கும் வேறொரு முறையில் இனிப் புதியவர்களைச் சேர்த்தலாகாது என்றும் சொல்லிற்று. நாம் பேசிவரும் முறை 2023 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு காலாவதியாயிற்று. புதிய பண்ணைகள் அதிற் சேர இயலாது. முன்னரே பதிவானவை தத்தம் காலம் முடியும்வரை சீட்டுப் பெறும்.

2024-இல் மக்கின்டாஷும் அவருடன் சேர்ந்தோரும் இன்னுமோர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 182 பண்ணைத் திட்டங்களை எடுத்து, ஆகாயப் படங்களைக் கொண்டு, சீட்டுப் பெற்ற நிலத்தையும் அதன் எல்லைக்கு வெளியே அடுத்துள்ள நிலத்தையும் ஒப்பிட்டனர். நூற்றுக்கு ஏறக்குறைய 80 திட்டங்களில் மரப்பரப்பு குறைந்திருந்தது, அல்லது கூடியது மிகச் சொற்பம். உள்ளே மரம் கூடிய காலத்தில் வெளியேயும் பெரும்பாலும் கூடிற்று. உள்ளே குறைந்தபோது வெளியேயும் குறைந்தது. ஆகவே மாறுதலுக்குப் பெருங்காரணம் பண்ணைக்காரர் செய்கையன்று என்பது அவர்கள் முடிவு. ஒழுங்குமுறை இலாகாவார் இதை ஒப்பவில்லை. தாங்கள் திட்டந்தோறும் சோதனை செய்தே சீட்டு வழங்குவதாகவும், சோதனையில் தேறாத நிலத்துக்குச் சீட்டு நிறுத்தப்படும் என்றும் கூறுகிறார்கள்.

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லுவது நம் வேலையன்று. ஆயினும் வேலிக்கு உள்ளே பார்த்தவன் வெளியேயும் பார்க்கவேண்டும் என்ற அவ்வாராய்ச்சியின் முறை எந்தத் தணிக்கையாளனும் ஒப்பத்தக்கது. மழை பெய்த ஆண்டில் ஊரிலுள்ள எல்லாக் கிணறுகளிலும் நீர் ஏறும். சங்கக் கடனால் ஆழப்படுத்திய கிணற்றில் மட்டும் அளந்து, இவ்வளவும் கடனின் பயன் என்று எழுதினால் அக்கணக்கை யார் ஒப்புவர்? அடுத்த தோட்டத்துக் கிணற்றில் ஏறியதைக் கழித்து, மிச்சத்தையே கடனின் பயனாகக் கொள்ளவேண்டும். மிச்சம் சிறிதானால் சிறிதென்றே எழுதவேண்டும்.

இதில் மோசம் போகிறவர் யார் என்றும் யோசிக்கவேண்டும். சீட்டை விற்ற பண்ணைக்காரருக்குப் பணம் கிடைத்துவிட்டது. வாங்கிய ஆலைக்குச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது. இடையில் நின்ற தரகருக்கும் பங்கு கிடைத்துவிட்டது. பேசிய மூவரும் திருப்தியடைய, பேச்சில் கலவாத நாலாமவர் நஷ்டப்படுகிறார். பருவம் தப்பிய மழையையும் மிகுந்த வெயிலையும் தாங்கவேண்டிய எளிய உழவரும் மேய்ப்பருமே அந்த நாலாமவர். அவர்கள் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள், இங்கும் இருக்கிறார்கள். விற்பவனும் வாங்குபவனும் ஒருமித்து மகிழும் கணக்கையே தணிக்கையாளன் அதிகக் கவனத்தோடு பார்த்தல் வேண்டும்.

7. சங்கத்தார் அறிய வேண்டுவன

நம் தேசத்திலும் 2023-இல் கரிவரவு வியாபாரத்துக்கும், பசுமை வரவு என்னும் பெயரால் மரம் வளர்த்தல் முதலியவற்றுக்கு வரவு தருவதற்கும் விதிகள் ஏற்பட்டுள்ளன. மேய்ச்சல் தரையுள்ள கிராமங்களுக்கு இத்தகைய யோசனையோடு ஒருவர் வருதல் அசம்பாவிதமன்று. அப்போது வெறுத்து விரட்டுவதும் வேண்டாம்; வியந்து கையெழுத்திடுவதும் வேண்டாம். கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பரிசீலிப்பது நலம்.

முதலில், நிலம் யாருடையது, அதில் யார் யாருக்கு அனுபவம் உண்டு என்று பார்க்க வேண்டும். புறம்போக்கில் பட்டா உள்ளவன் இல்லை; ஆனால் ஆடு மேய்ப்பவன், சுள்ளி பொறுக்குபவள், தழை ஒடிப்பவன் ஆகியோர் உண்டு. வேலி அடைத்த மறுநாள் அவர்கள் ஆடுகள் எங்கே போகும் என்பதற்கு விடை சொல்லாத திட்டம் முழுமையானதன்று. அவ்வாடுகள் அடுத்த ஊர்த் தரையைப் போய் மொட்டையடித்தால், இங்கே எழுதிய வரவை அங்கே பற்றாக எழுதவேண்டும்.

இரண்டாவது, தொடக்க நிலையைப் பதிவு செய்தல். வேலை ஆரம்பிக்கும் முன்னரே எந்த இடத்தில் எத்தனை மரம், எவ்வளவு பருமன் என்று எண்ணிப் படத்தோடு எழுதி, பஞ்சாயத்தார் கையெழுத்திட்டு வைக்கவேண்டும். ஆரம்ப இருப்பு எழுதாத பேரேட்டில் இறுதி இருப்பைச் சரிபார்க்க வழியில்லை.

மூன்றாவது, ஒப்பிடுவதற்கென்று ஒரு துண்டு நிலத்தை முன்போலவே மேயவிட்டு வைக்கவேண்டும். ஐந்து ஆண்டு கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மழை செய்தது எது, நாம் செய்தது எது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

நான்காவது, காலம். 25 ஆண்டு என்றால் இன்றைய காரியதரிசி அன்று இருக்கமாட்டார். பொறுப்பு சங்கத்தின்மேல் நிற்கும். இன்று தொட்டிலில் உள்ள பிள்ளைகளின் கையையும் சேர்த்துக் கட்டும் ஒப்பந்தத்தைப் பொதுச்சபை கூடி, வாய்விட்டுப் படித்து, விளங்கிய பின்னரே நிறைவேற்றவேண்டும்.

ஐந்தாவது, பணம் எவ்வளவு, எப்போது, யார் யாருக்கு என்பது. தரகரின் பங்கு மொத்தத்தில் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கவேண்டும். விலை வீழ்ந்தால் நஷ்டம் யாரைச் சேரும் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும்.

இறுதியாக ஒன்று. ஆஸ்திரேலியச் சீட்டுகள் மெய்யோ பொய்யோ, அளவறிந்து மேய்ப்பதும் தரைக்கு ஓய்வு கொடுப்பதும் மெய்யான நன்மைகள். அவற்றின் பயன் முதலில் புல்லிலும் மண்ணிலும் தெரியும். ஆட்டின் உடம்பில் தெரியும். மரத்தில் தெரியப் பல்லாண்டு செல்லும். சீட்டு வருமென்று வேலி அடைத்தவன் விலை வீழ்ந்ததும் வேலியைத் திறந்துவிடுவான். புல்லுக்காகவும் தண்ணீருக்காகவும் வேலி அடைத்த ஊரார்க்குச் சீட்டு வந்தால் அது மேல்வரும்படி, வராவிடினும் நஷ்டமில்லை.

சங்கக் கூட்டத்தில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் கிராமத்து மேய்ச்சல் தரையின் பரப்பு எவ்வளவு? அதில் யார் யார் ஆடு மாடுகள் மேய்கின்றன? அவர்களில் நம் சங்கத்தில் சேராதவர் எத்தனை பேர்?

2. அத்தரையில் நம் சொந்த மரங்கள் எவை, அயல்நாட்டு மரங்கள் எவை? மழை பெய்த ஆண்டில் தானே முளைத்து, மறு கோடைக்குள் அழிந்துபோகும் கன்றுகள் எவை? அழிவது மேய்ச்சலாலா, வெயிலாலா?

3. 2,000 டன் வாயு சேர்ந்ததாகக் கணக்கிட்ட பண்ணையில், நூற்றுக்கு 5-ம் நூற்றுக்கு 20-ம் பிடித்தபின் கிடைக்கும் சீட்டு எத்தனை? அதிற் பாதி மழையாலே வந்தது என்று பின்னர்த் தெரிந்தால், சீட்டை வாங்கிய ஆலையின் புகைக்கு ஈடாகாமல் நிற்பது எத்தனை டன்?

4. 25 ஆண்டு ஒப்பந்தத்தில் சங்கம் கையெழுத்திடுவதானால், அக்காலம் முழுவதும் பொறுப்பு ஏற்பதற்குத் துணைவிதிகளில் என்ன ஏற்பாடு வேண்டும்?